பூந்தமல்லிக் கடைக் கேமரா

அத்தை,

இன்றைக்கு உங்களை ரோஸ் கலரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாளைக்கு வருஷ திவசம், அதற்காகப் பெரிதாக ஒரு படம் போட்டு பிரேம் பண்ணக் கொடுத்திருந்தோம். ஆவடி மார்க்கெட் கடையில் பேப்பரைப் பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னம் ரோஸ், உதடு ரோஸ், கண் இரண்டும் பால் வெள்ளை. உங்கள் மாநிறத்தை எந்தச் சாக்கடையில் கொட்டினார்களோ. கையில் நீங்கள் பிடித்திருந்த காகிதத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் ஒரு நீல வானத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். "ஒரிஜினல் ரொம்ப மஞ்சளா இருந்திச்சி மேடம், நாங்களே கரெக்ட் பண்ணிட்டோம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று நான் கத்திவிட்டேன். உங்கள் பிள்ளை என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். வண்டியில் வீடு வந்து சேர்ந்தோம். கேட்டைத் திறக்கும்போதுதான், "அம்மாவ மஞ்சளா சுவத்துல மாட்டி வெச்சி தினம் பாக்கணுமா நான்?" என்று கேட்டார். மாடிக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செத்துப்போன மாமியாருக்கு மருமகள் கடிதம் எழுதுகிறாள் என்றால் நீங்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

கேமரா ஆசை எனக்கு எப்போது வந்தது என்று சரியாகத் தெரியவில்லை. அம்பத்தூர் ஆபீசில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து, வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். இரவல் கேமரா ஒன்றைக்கூட அதுவரை கையில் பிடித்ததில்லை. சாப்பிடும்போது சொன்னேன். போனிலேயே எல்லாம் இருக்கும்போது எதற்குத் தண்டம் என்றார் உங்கள் பிள்ளை. பாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எதற்கும் வாயைத் திறக்காத மாமா, அன்றைக்கும் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டார். நீங்கள்தான் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "போன்ல எடுக்கறத எவன்டா திரும்பி பாக்கறான்? அது சம்பாரிக்குது, அது வாங்குது. உனுக்கு இன்னாடா?" திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஆவடியை ஒட்டிய இந்தச் சேக்காட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து உங்கள் 'இன்னா'வையும் 'கீது'வையும் நான் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சு காதுக்கு இனித்தது.

எதை வாங்குவது என்பதுதான் பெரிய தலைவலியாகிவிட்டது. உள்ளே கண்ணாடி வைத்த கேமராவா, இல்லாததா, லென்சோடு சேர்த்தா, தனியாகவா. ஒரு வீடியோவில் ஒருத்தன் புகழ்வதை அடுத்த வீடியோவில் இன்னொருத்தன் கிழித்துத் தொங்கவிடுகிறான். கடைசியில் ஒரே ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டேன். சொந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போக வேண்டும். ஒவ்வொரு கேமராவிலும் ஒரே ஆளின் முகத்தை எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பெரிதாக்கி, கண் எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்களைக் கேட்டேன். "என் மூஞ்சியையா?" என்று முதலில் வெட்கப்பட்டீர்கள். அடுத்த நிமிஷமே எந்தப் புடவை என்று கேட்டீர்கள்.

முதல் கடை ஆவடியில். எந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்று பின்னால் குழம்பக் கூடாதே என்று, ஒரு வெள்ளைத் தாளில் கடைப் பெயரையும் கேமரா பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "இன்னாடி இது, போலீஸ் ஸ்டேஷன்ல திருடிய நிக்க வெச்சா மாதிரி கீது" என்றீர்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது கடை அம்பத்தூரில். அங்கே சேல்ஸ்மேனிடம் இந்தக் கேமரா எத்தனை வருஷம் உழைக்கும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்கிற தோரணையில் நீங்கள் விசாரித்ததைப் பார்த்தால் எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தது போலவே இருந்தது.

மூன்றாவது கடைக்குப் போவதற்குள் எனக்கு ஆபீசில் வேலை நெருக்கிவிட்டது. பல வாரம் தள்ளிப்போய், ஆடி பிறந்த பிறகுதான் பூந்தமல்லிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டின் விளிம்பால் முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தீர்கள். புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்கிறீர்கள், இளைக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். முகம் மஞ்சளாக இருந்தது. ஆடி மாதத்தில் எந்த வீட்டுப் பெண் முகம் மஞ்சளாக இல்லை? நீங்கள் மஞ்சள் கிழங்கை உரசிப் பூசாமல் ஒரு வெள்ளிக்கிழமை குளித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையில் கொடுத்த கேமரா கைக்கு அடக்கமாக இருந்தது. முகத்தைக் காட்டியதும் தானாகக் கண்ணைத் தேடிப் பிடித்தது. எடுத்துப் பார்த்தால் படத்தில் நீங்கள் மஞ்சள் மஞ்சேலென்று இருந்தீர்கள். கடைப் பையன் கூரையில் இருந்த விளக்கைக் குறை சொன்னான். ஏதோ ஒரு பட்டனைத் திருகிவிட்டு மறுபடி எடுத்தான். முகம் சரியாகிவிட்டது, கையில் இருந்த காகிதம் நீலமாகிவிட்டது. "முகத்த சரி பண்ணா பேப்பருக்கு ஜொரம் வந்துடுச்சி" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவன் பட்டனைப் பழையபடி திருப்பி வைத்தான். சிரிப்பு அடங்குவதற்குள் நான் இன்னொன்று எடுத்தேன். நாளைக்கு மாலை போடப்போகிற படம் அதுதான். நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கிற படம் எங்களிடம் வேறு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் லேப்டாப்பில் மூன்றையும் வரிசையாகத் திறந்தோம். வீடியோவில் சொன்ன மாதிரியே கண்ணைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க உங்கள் ஒரு கண் மட்டும். மூன்றாவது கேமராவில் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த முடிக்குக் கீழே கண்ணின் வெள்ளை எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் இருந்தது. மஞ்சள் பூசிக் குளித்தால் கண்ணுக்குள்ளேயுமா போகும்? அதை நான் யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை. பக்கத்தில் டீயோடு நின்று பார்த்த உங்கள் பிள்ளையும், கலர் சரியில்லையே என்றுதான் சொன்னார். நீங்கள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னீர்கள்: "இது வாணாம்டி. நல்லா கீற மனுசிய நோயாளி மாதிரி காட்டுது."

அம்பத்தூர் கேமராவையே வாங்குவது என்று முடிவானது. ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து வாங்கலாம் என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

ஆவணியில் திருவள்ளூரிலிருந்து உங்கள் தங்கை வந்தார். கேட்டைத் திறந்துவிட நீங்கள்தான் போனீர்கள். வெளியே நல்ல வெயில். அவர் உள்ளே காலெடுத்து வைக்கக்கூட இல்லை, "இன்னாக்கா, கண்ணு ஏன் இப்படி கீது?" என்றார். அவர் கேட்ட பிறகுதான் நாங்கள் எல்லாரும் உங்களைப் பார்த்தோம். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, விடிந்தால் உங்கள் முகத்தில் விழித்துக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பக்கத்திலேயே மாமா நின்றார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், நான் உங்கள் பிள்ளையைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் நீங்கள், ஒன்றுக்குப் போனால் காபி நிறத்தில் போகிறது, கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று டாக்டர் முன்னாலேயே கத்தினேன். உடம்பு சூடு என்று நினைத்தேன் என்றீர்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தீர்களாம்.

கணையத்தில் கட்டி, பித்தக் குழாயை அடைத்திருக்கிறது, ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று உங்கள் பிள்ளை கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆமாம் என்றிருந்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன். இல்லை என்றிருந்தால் அழுது முடித்திருப்பேன். இந்தச் 'சொல்ல முடியாது' இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது அத்தை? இன்னும் தெரியவில்லை.

பித்தம் வடிய விலாவில் குழாய் போட்டுப் பக்கத்தில் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். நீங்கள் உங்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று கேட்டீர்கள்.

"பூந்தமல்லில பாத்தோமே, அந்தக் கேமரா. அது கரெக்டாத்தான் காட்டிச்சி, இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை, அந்தக் கடையில் விளக்கு சரியில்லை என்று பொய் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை.

"பாவம், அதப் போயி நொட்டை சொல்லிட்டு வந்துட்டோம். நீ அதயே வாங்கிக்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு கேமராவைப் பற்றி நாம் பேசவில்லை.

தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டீர்கள். சுமங்கலியாகப் போன புண்ணியவதி என்று தெருப் பெண்கள் உங்களைக் குளிப்பாட்டி, முகத்துக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். ஏற்கெனவே இருப்பது போதாதா என்று எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் வந்தது. உங்கள் தங்கை என் வாயைப் பொத்தி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். காரியப் பத்திரிகைக்குப் படம் வேண்டும் என்றபோது மறுபடியும் அந்த மூன்றையும் திறந்தேன். சிரிக்கிற படத்தில் முதல் தடவையாக உங்கள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த காகிதம் அப்பழுக்கில்லாத வெள்ளையாக இருந்தது. கேமரா நிறத்தைத் தப்பாகக் காட்டியிருந்தால் அந்தக் காகிதமும் அல்லவா மஞ்சளாகியிருக்க வேண்டும்? படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதானாம், படத்தில் வெள்ளைப் பொருள் எது என்று தேடிப் பார்ப்பது. அந்தப் பாடத்தை நான் உங்கள் கையிலேயே கொடுத்து நிற்க வைத்திருக்கிறேன்.

தை பிறந்த பிறகு பூந்தமல்லிக்குத் தனியாகப் போனேன். அதே பையன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, அம்மா வரவில்லையா என்று கேட்டான். வரவில்லை என்று சொன்னேன். அந்தக் கேமராவைக் காட்டிக் கேட்டதும் தயங்கினான். முகம் மஞ்சளாக வருகிறது என்றுதானே அன்றைக்கு வாங்காமல் போனீர்கள் மேடம், இப்போது புது மாடல் வந்திருக்கிறது, தோலை நன்றாகப் பளபளவென்று காட்டும் என்றான். இதையே பில் போடு தம்பி என்றேன். வரும்போது பஸ்ஸில் பெட்டியை உங்கள் இடத்தில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது கீழே கூடத்தில் ரோஸ் படத்தை மாட்டிவிட்டார்கள். ஆணி அடிக்கிற சத்தம் இங்கே கேட்டது. நான் மறுபடி சண்டை போட இறங்கிப் போனேன். மாமாதான் வழியை மறித்தார். "இருக்கட்டும்மா. வர்றவங்க பாத்துட்டுப் போற படம் இது. நம்ம படம் உங்கிட்ட இருக்குதே" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி மாதக்கணக்காகிறது. நான் படியேறிவிட்டேன். அந்த மெமரி கார்டு என் தாலிச் சரட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் எதையும் அழிக்கவில்லை, இனி எதையும் எடுக்கப் போவதும் இல்லை. கேமராவுக்கு வேறு கார்டு போட்டிருக்கிறேன்.

இந்தக் கேமராவில் நான் பூவை எடுத்தேனா, ரயிலை எடுத்தேனா, பறவையை எடுத்தேனா என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவை மொட்டை மாடிக்குக் கூப்பிடுகிறேன். சுவர் நிழலில் நிற்க வைத்து, கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஒரு படம் எடுக்கிறேன். பழகிக்கொள்கிறேன் மாமா என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். எடுத்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு அவர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கூப்பிட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். தாளை ஒரு கையில் வாங்கிக்கொண்டார். நான் கேமராவைத் தூக்குவதற்கு முன்னாலேயே, இன்னொரு கையின் கட்டைவிரலால் தன் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எடும்மா என்றார்.