மாத்துச் சட்டை

ஆடி, செவ்வாய்க்கிழமை ராத்திரி

இன்னிக்குக் காலையில வாய்க்கா தகராறுல பக்கத்துத் தோட்டத்து ராசு, என் வீட்டுக்காரரை மம்பட்டிக் காம்பால மண்டையில அடிச்சிட்டான். சட்டையெல்லாம் ரத்தம். தையல் போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் புகார் குடுக்கப் போனோம்.

ஏட்டு இவரு பேரைக் கேட்டுக் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தாரு. "உன் மேல பிடிவாரண்ட் இருக்கு, இப்படி உக்காரு"ன்னாரு. தண்ணி வரலைன்னு ஊரே குடத்தோட ரோட்டை மறிச்ச பழைய கேஸு. வாய்தா அன்னிக்கு இவரு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு மல்லி கொண்டு போயிட்டாரு. இத்தனை வருசமா அதே வீட்டுலதான் இருக்கோம். ஒருத்தரும் தேடி வரல. மண்டை உடைஞ்சு தானா வந்து நின்னதும் பிடிச்சிட்டாங்க.

"வாரண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார், வேணாங்கல. முதல்ல எங்க புகாரை வாங்குங்க"ன்னேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம்மா. நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி நிறுத்தணும். ரத்தத்தோட நிறுத்த முடியுமா? வீட்டுக்குப் போயி நல்ல சட்டையா ஒண்ணு கொண்டா"ன்னாரு. அடிச்சவன் யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல.

தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைக் கொண்டு போயிக் குடுத்தேன். திரும்பி வாரப்ப ராசு டீக்கடையில உக்காந்திருந்தான். "என்ன மதினி, அண்ணனை உள்ள வச்சிட்டாங்களாமே"ன்னான்.

அவரு கழட்டிக் குடுத்த சட்டை கொடியில கிடக்கு. தண்ணியில போட்டா ரத்தம் போயிரும். போடல. புகாருன்னு இப்ப எங்ககிட்ட இருக்குறது அது ஒண்ணுதான்.