நாற்பது அங்குல அடுப்பு மேடை

பிப்ரவரி 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் விடுதி வார்டன் அறையில் இருக்கும் அந்த ஒற்றை போனில், உனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று தொண்டையைக் கனைக்க, நாம் பேசிய லட்சணம் போதும். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "பசங்க?" "சாப்டாங்க." இதற்கு ஒரு போனா? இனிமேல் கடிதம்தான். இதில் யாரும் கனைக்க மாட்டார்கள்.

முதலில் பெரிய செய்தி. உன் புருஷனுக்குச் சமைக்க வந்துவிட்டது. சிரிக்காதே.

நீ நர்ஸ் பயிற்சிக்குக் கிளம்பிய முதல் வாரம் முழுக்க ஹோட்டல் பொட்டலம். அடுத்த வாரம் பெரியவள் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பஸ் இன்ஜினையே கழட்டி மாட்டறீங்க, ஒரு உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியாதாப்பா?" என்றாள். பதிமூன்று வயதில் இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. பணிமனையில் இத்தனை வருஷம் மெக்கானிக்காகக் கொட்டை போட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே அடுப்பைப் பற்றவைத்தேன்.

முதல் நாள் சோறு களியானது. மறுநாள் பல்லை உடைத்தது. அப்புறம் பிடிபட்டுவிட்டது. இப்போது நம் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போவதில்லை, தெரியுமா? காலிஃபிளவரின் தண்டைத் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, மிளகுத்தூள் போட்டு வதக்கினால் பூவை விட ருசி. பீட்ரூட் வாங்கினால் கிழங்கு ஒரு நாளைக்கு, இலை ஒரு நாளைக்கு. காய்ந்த ரொட்டியைச் சதுரமாக நறுக்கி வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து சூப்பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பருப்பு வேகவைத்தால், ஒரு நாள் கெட்டியாகச் சோற்றுக்கு, ஒரு நாள் எலுமிச்சை பிழிந்து சூப்பாக, ஒரு நாள் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்த்து. வாலு தட்டைப் பார்த்து, "இது நேத்து பருப்புதானே?" என்றான். "ஆமாடா, இன்னைக்கு வேற சட்டை போட்டிருக்கு" என்றேன். ஏழு வயசுப் பயல், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தட்டைக் காலி பண்ணிவிட்டான்.

ஒரே தொல்லை, நம் அடுப்பு மேடை. காய் நறுக்கும்போது சாக்கடையில் விழுந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்து நிற்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. அதன் ஓரப் பலகையும் உளுத்துவிட்டது. பணிமனையில் இன்ஜின் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை வெயிலில் போட்டு வீணாக்குகிறார்கள். ஸ்டோர் அதிகாரியிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போய்யா, இடமாவது காலியாகும்" என்றார். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

உன்
நெட்டையன்


மார்ச் 3

என் அன்பு நெட்டையாருக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். காலிஃபிளவர் தண்டு வந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில்காரி, "உன் வீட்டுக்காரரை ஒரு மாசம் வாடகைக்கு விடுவியா?" என்றாள். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை போங்கள்.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், "உப்பு எங்க இருக்கு?" என்பதைத் தவிர அடுப்படியைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் வார்டில் நின்றுவிட்டு வந்து மறுபடி அடுப்பு முன்னால் நின்றபோது இந்தத் திறமை எல்லாம் எங்கே ஒளிந்துகொண்டிருந்தது? சரி, விடுங்கள். சண்டைக்கு எழுதவில்லை.

இங்கே ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வேடிக்கை. நோயாளி படுக்கும் மேஜையை ஏற்றலாம், இறக்கலாம். பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் அவர் முழங்கை மட்டத்துக்கு அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. மேஜையின் உயரம் என்பது வேலை செய்கிறவரின் உயரம், மற்றவர்கள் எல்லாம் அதற்குத் தக்கபடி நின்றுகொள்ள வேண்டும் என்று முதல் நாளே பாடம் எடுத்தார்கள். எங்கள் பெரிய டாக்டரோ உங்களுக்குத் தம்பி போல வளர்ந்தவர். முகமூடிக்கு மேலே என் கண் மட்டும்தான் மேஜை ஓரத்தில் தெரிந்தது. ஒரே சிரிப்பு. ஒரு மரப்படியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஏறி நின்றேன்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. டாக்டர் கையை நீட்டும்போது, கேட்காமலே, எந்தக் கருவி வேண்டுமோ அது அவர் உள்ளங்கையில் இருக்கும். போன வாரம் எல்லோர் முன்னாலும், "அந்தப் படிக்கார நர்ஸ் இருந்தா எனக்குக் கவலையில்ல" என்றார். இதை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

பீட்ரூட் இலையில் மண் இருக்கும், நன்றாக அலசுங்கள். வாலுவின் கால்சட்டை முட்டியில் கிழிவதற்கு முன்பே ஒட்டுப் போட்டுவிடுங்கள், கிழிந்த பிறகு போட்டால் நிற்காது. பீரோ அடித்தட்டில் என் பழைய யூனிஃபார்ம்கள் இருக்கின்றன. கெட்டித் துணி. எதற்காவது ஆகட்டும். பெரியவளைத் தைக்கச் சொல்லுங்கள், நீங்கள் கத்திரியைத் தொட வேண்டாம்.

படிமேல் நிற்கும்
உங்கள் சிட்டு


மே 19

அன்புள்ள சிட்டுவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நம் அடுப்படி முடிந்துவிட்டது!

ஆணிகளைத் தவிர எதுவும் கடையில் வாங்கியதில்லை. எல்லாம் இன்ஜின் பெட்டிப் பலகை. இழைப்புளி பணிமனை வெல்டர் அண்ணனுடையது, பெயிண்ட் பஸ்ஸுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சை. அடித்து முடித்துப் பார்த்தால் அடுப்படி அசல் பஸ் மாதிரியே இருக்கிறது. வாலு வாசலில் நின்றுகொண்டு, "டிக்கெட், டிக்கெட்!" என்று கேட்டுவிட்டுத்தான் யாரையும் உள்ளே விடுகிறான். டிக்கெட் இல்லாவிட்டால் ஒரு முத்தம் அபராதம். நான் தினமும் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவள் உன் யூனிஃபார்ம்களின் பாக்கெட்டுகளை அப்படியே வைத்து வெட்டி, ஒரே துணியாகத் தைத்து, கதவுப் பக்கம் மாட்டிவிட்டாள். ஒரு பாக்கெட்டில் சாவி, ஒன்றில் பஸ் பாஸ், ஒன்றில் கத்திரி, ஒன்றில் வாலுவின் கோலிக்குண்டுகள். உன் பாக்கெட்டில் கை விடாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மிச்சத் துணியில் ஜன்னலுக்குத் திரை. தையல் ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. என் மகள்!

இப்போது என் கைவேலைக்கு வருகிறேன். உளுத்த பழைய மேடையைப் பிரித்தாகிவிட்டது. புது மேடை நாற்பது அங்குலம். நிமிர்ந்து நின்று நறுக்கலாம், கிளறலாம், இடுப்பு வலி போயே போச்சு. சுவர் முழுக்கத் தட்டுகள். அரிசி, பருப்பு, காபி, சர்க்கரை எல்லாம் ஆறரை அடி உயரத்தில் வரிசையாக. எலிக்கும் எட்டாது, வாலுவுக்கும் எட்டாது.

போன ஞாயிறு வெல்டர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட வந்தார்கள். உருளைக்கிழங்குத் தோலை வறுத்து வைத்திருந்தேன். தோல் என்று சொல்லாமல் தின்ன விட்டு, அப்புறம் சொன்னேன். அண்ணன், "யோவ், எங்க வீட்ல இதைத்தான்யா இத்தன வருஷம் குப்பைல போட்டோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் இப்போது ஒரு குறையும் இல்லை, சிட்டு. நீ நிம்மதியாகப் படி.

உன்
நெட்டையன்


ஜூன் 8

பெரியவளின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. சந்தோஷம்.

அறைச் சுவரில் சாக்பீஸால் நாற்பது அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, முன்னால் நின்று பார்த்தேன். நெஞ்சுக்கு வருகிறது. அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் பாத்திரம். உள்ளே என்ன கொதிக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆறரை அடிக்குக் கோடு போட வேண்டியிருக்கவில்லை. எலிக்கும் எட்டாது, வாலுவுக்கும் எட்டாது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாத இன்னொருத்தியும் அந்த வீட்டில் இருந்தாள்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். அதுதான் வலிக்கிறது. பலகையை அறுத்தீர்கள், இழைத்தீர்கள், பெயிண்ட் அடித்தீர்கள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் உங்கள் நினைவுக்கு வரவில்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் வைத்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருந்து புதிய நர்ஸுகளுக்குச் சொல்லித் தரும்படி பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். வீட்டை நினைத்து முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது. அப்புறம் எதற்கு அவசரமாக ஓடி வர வேண்டும்? இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது.

வாலுவுக்கு என் முத்தம். அபராதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிட்டு


ஜூன் 15

என் சிட்டுவுக்கு,

கரண்டியும் கையுமாக நின்று உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். கேரட் அரை வேக்காட்டோடு கிடந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மேடையை அளந்தபோது உன்னை நினைக்கவில்லை. வலிக்கிற என் இடுப்பைத்தான் நினைத்தேன். திட்டு, நன்றாகத் திட்டு, எனக்கு வேண்டும்.

பெரியவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள் பார், என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் இப்போது சரியாக உன் உயரம். மேடை முன்னால் போய் நின்றாள். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாலு ரம்பத்தை எடுத்து வந்தான். மேடைக் கால்களை அறுத்து இறக்கிவிடுவது என்று முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

ரம்பத்தை வைத்த நேரத்தில் உன் பெரிய டாக்டரின் மேஜை நினைவுக்கு வந்தது. மேஜையின் உயரம் வேலை செய்கிறவரின் உயரம் என்று நீதானே எழுதினாய்? அப்படியானால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? நாளெல்லாம் தியேட்டரில் நின்றுவிட்டு வரப்போகிறவளுக்கு, மறுபடி வந்து நிற்பதற்கு வசதியாக ஒரு மேடை! பதினான்கு வருஷம் நீ நின்றது போதாதா? எழுந்து ரம்பத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

மேடை நாற்பது அங்குலமாகவே இருக்கட்டும், சிட்டு. ஏனென்றால் அங்கே வேலை செய்கிறவன் நான். நீ வந்த பிறகும் நான்தான். மனசார எழுதுகிறேன், பெரியவள் சாட்சி. என் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவதில் எனக்கு இன்ஜினை ஓடவிட்ட சந்தோஷம் இருக்கிறது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், உனக்கும்தான்.

பழைய மேடையில் உளுக்காத பலகைகள் இருந்தன. அவற்றை வைத்து ஒரு நாற்காலி செய்திருக்கிறேன். நம் வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தால் உன் கால் அந்தரத்தில் தொங்கும். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறைத்ததில்லை. இந்த முறை பெரியவளை உட்காரவைத்து, பாதம் தரையில் படிகிற மாதிரி அளந்தேன். மெத்தைக்கு உள்ளே கந்தல் துணி, மேலே உன் கடைசி யூனிஃபார்ம். அடுப்படி ஜன்னலோரம் போட்டிருக்கிறது. யாரும் உட்காரக் கூடாது என்று வாலு சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான், ஏகப்பட்ட பிழைகளோடு.

இன்னொரு வருஷம் இருக்க உனக்கு ஆசை என்றால் இரு. படிமேல் நின்று பாடம் நடத்துகிறாள் என் பொண்டாட்டி என்று பணிமனை முழுக்கத் தம்பட்டம் அடிப்பேன். ஆனால் ஒரு பலகையோடு கோபித்துக்கொண்டு இருந்துவிடாதே. நீ இல்லாமல் வீடு நடக்கிறது, நடத்துகிறோம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் நன்றாக இல்லை.

உன்
நெட்டையன்


ஜூன் 27

என் அன்பு நெட்டையாருக்கு,

பக்கத்துக் கட்டில்காரிக்கு உங்களுடைய இந்தக் கடிதத்தை மட்டும் வாசித்துக் காட்டவில்லை. பாதியில் அழுதுவிடுவேன் என்று பயம்.

இருக்க ஆசையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கேட்டார்களே என்ற பெருமை நிறைய இருந்தது. ஆசை வீட்டுப் பக்கம்தான் இருந்தது. காலையில் பெரிய டாக்டரிடம் போய், பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "வீட்ல ரொம்ப வேலையோ?" என்றார். "எனக்கு ஒரு வேலையும் இல்ல டாக்டர், எல்லாம் அவர் பாத்துக்கிறார்" என்றேன். மனுஷர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நான் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன், படி இல்லாமலே உயரமாக இருந்தது.

சுவரிலிருந்த சாக்பீஸ் கோட்டை இன்னும் அழிக்கவில்லை. அதற்கு முன்னால் நீங்கள் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

காபி டப்பாவை மட்டும் கீழ்த்தட்டுக்கு இறக்கிவையுங்கள். காலைக் காபி நான்தான் போடுவேன். அதை நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

செப்டம்பர் கடைசியில் வருகிறேன். ஸ்டேஷனில் வந்து காத்திருக்க வேண்டாம், பெட்டி கனமில்லை. நான் கதவைத் தட்டும்போது நீங்கள் அடுப்பு முன்னால், குனியாமல், நின்றுகொண்டிருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் வருகிறேன்.

வாலுவிடம் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஒரு டிக்கெட் கிழித்து வைக்கட்டும். ஜன்னலோர சீட்.

உங்கள்
சிட்டு