நாங்கள் என்று எழுதிய கட்டுரை

இன்று மத்தியானம் இணைய வகுப்பில் விரிவுரையாளர் எங்களைச் சிறு அறைகளுக்குப் பிரித்து அனுப்பினார். திரை ஒரு கணம் இருண்டு மறுபடி வெளிச்சமானது. நீயும் நானும் பேச வேண்டிய அறையில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் சேரும்வரை காத்திருக்கவும் என்றது திரை. பருவத் தொடக்கத்தில் போட்ட குழுப் பட்டியலை நீ போன பிறகும் யாரும் மாற்றவில்லை. இங்கே கெலாங் பாத்தாவில் மழை பிடித்துக்கொண்டது. உன் பக்கம் மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் உன் குரலே அமுங்கிப்போகும். "கேக்குதா கா? கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்துவாய். காத்திருக்கச் சொன்னதால் நானும் காத்திருந்தேன்.

நாம் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? இந்த இணையவழி முதுகலை வகுப்பு தொடங்கிய வாரம், பொதுப் பக்கத்தில் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். "ஜொகூர், மலேசியா. என் ஆங்கிலம் சுமார்தான், மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டு ஒளிந்துகொண்டேன். அதற்குக் கீழே நீ வந்து நின்றாய், நம் ஆட்கள் முதலில் கேட்கும் அதே கேள்வியோடு: ஜொகூரில் எங்கே, எந்த எஸ்டேட்? யோங் பெங் பக்கம் அப்பா வேலை செய்த தோட்டத்தைச் சொன்னேன். நானும் எஸ்டேட் பெண்தான், சாஆ என்கிற ஊர்ப் பக்கம், என்றாய். இதைப் படித்த குளிர் தேசத்துப் பெரியவர் ஒருவர், அவரும் நம் வகுப்புத்தான், பரவசமாகிவிட்டார். எஸ்டேட் வைத்திருக்கும் இரண்டு சீமாட்டிகள் ஒரே வகுப்பில்! குதிரைகள் உண்டா என்று வேறு கேட்டார். "மாடு மட்டும்" என்று அவருக்குப் பதில் போட்டுவிட்டு, தனிச்செய்தியில் என் எண்ணை வாங்கி உடனே அழைத்தாய்.

"அலமாக் கா, நம்மள தோட்ட முதலாளி ஆக்கிட்டாரு!"

"உண்மைய சொல்லிறலாமா?"

"வேணாம் லா. பாவம், சந்தோஷமா இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்."

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த இருவரும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் முதல் பருவத்திலேயே படிப்பை விட்டிருப்பேன். கேமராவை அணைத்து, மைக்கை மூடி, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவள் நான். நீயோ எண்ணெய் ஆலை ஆபிசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டே, யாருடைய பிள்ளைக்குப் பள்ளிச் சோதனை, யாருக்கு முதுகு வலி என்று உலகம் முழுக்க விசாரிப்பாய். "மொதல்ல சாப்பிட்டாச்சான்னு கேளுங்க கா. அப்புறம் உதவி கேளுங்க" என்பாய். என் மின்னஞ்சல்களை அனுப்புவதற்கு முன் நீ பார்ப்பது வழக்கமாயிற்று. பார்த்ததும் கோபம் வரும். "எதுக்கு எடுத்ததும் சாரி? நாம என்ன தப்பு பண்ணோம்? கேள்விய மொதல் வரில போடுங்க!"

வேலையிடங்களில் ஷிப்ட் மாறும்போது ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்குத் தகவல் எப்படிப் போகிறது என்பதுதான் நம் கட்டுரை. உன் ஆலையில் நீ கேட்டு எழுதினாய், நான் வேலை பார்க்கும் கிடங்கில் நான். நாங்கள் பார்த்தோம், நாங்கள் கேட்டோம் என்றே பக்கத்துக்குப் பக்கம் எழுதினோம். அது முடிந்ததும் யோங் பெங்கில் சந்திப்பதாக இருந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஊர்.

பிறகு உனக்கு டெங்கி வந்தது. வார்டிலிருந்து நீ கடைசியாக அனுப்பியது இது: "பிளேட்லெட் இறங்குதாம் கா. வைஃபை மட்டும் நல்லா ஏறுது." நானும் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பி வைத்தேன். அடுத்து உன் எண்ணிலிருந்து வந்தது உன் கணவரின் செய்தி. "நீங்க யாருன்னு தெரியல. அவங்க தவறிட்டாங்க. காரியம்லாம் முடிஞ்சிருச்சு." அவரைக் குறை சொல்ல மாட்டேன். உன் வீட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது, அதனால் எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உன் பெயர் கட்டுரையின் முகப்பில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீ சொன்னபடியே பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். சாரி இல்லை, கேள்வி முதல் வரியில். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல மின்னஞ்சல் அதுதான். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம் என்று பதில் தொடங்கியது. நீ இப்போது செயலில் இல்லாத மாணவியாம், உன் பெயரைச் சேர்க்க இயலாதாம். கட்டுரை ஒருவருடையது என்பதால் "நாங்கள்" வரும் இடமெல்லாம் "நான்" என்று மாற்றி அனுப்ப வேண்டுமாம். மறுபடி எழுதினேன். அதே பதில்தான் வந்தது.

வகுப்பின் பொதுப் பக்கத்திலும் உன்னைப் பற்றிப் போட்டேன். நீ நலம் விசாரித்த அத்தனை பேரும் ஓர் இதயக் குறியை அழுத்திவிட்டுப் போனார்கள். அதன் கீழேயே ஒருத்தர் கட்டுரைக்குக் கடைசி நாள் எது என்று கேட்டார். வார்த்தையாக எழுதியவர் நம் குளிர் தேசத்துப் பெரியவர் மட்டும்: "தனக்குச் சொந்தமான அந்த எஸ்டேட் மண்ணிலேயே அவர் அமைதியாக உறங்கட்டும்." படித்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

நேற்று எல்லா "நாங்கள்"ஐயும் மாற்றினேன். ஒரே ஒரு பொத்தான், கணினியே செய்துவிட்டது. நீ உன் ஆலையில் கேட்டதையெல்லாம் இப்போது நான் கேட்டதாக இருக்கிறது. பட்டமும் வரும். வந்து என்ன?

நம் அறை தானாக மூடி என்னைப் பெரிய வகுப்புக்குள் தள்ளியது. விரிவுரையாளர் என் பெயரைச் சொல்லி, என்ன பேசினீர்கள் என்றார். மைக்கைத் திறந்தேன். "நாங்கள்" என்று தொடங்கினேன். வாய் இன்னும் அப்படித்தான் தொடங்குகிறது. உங்கள் குழுவில் வேறு யார் என்று அவர் கேட்டார்.

"சாரி" என்றேன். கூடாது என்று நீ சொன்ன அதே வார்த்தை. பிறகு "நான்" என்று மறுபடி தொடங்கினேன்.