ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து

குளச்சல்,
ஜூன் 10

அன்பு மகள் ரெஜிலாவுக்கு அம்மா எலிசா எழுதுவது. சேசு உன்னையும் மருமகனையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் காத்து நடத்தட்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நர்ஸ் வேலை பார்க்கும் நீ ஒன்பது கேள்வி கேட்பாய். எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். மருமகனின் கூட்டுக்காரன் ஜெப்சன் வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்பினால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நாகர்கோவிலில் மூன்று மாதச் சர்க்கரை பார்த்தேன். போன வருடம் பத்தரை. இப்போது ஆறு புள்ளி எட்டு! டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பெயர் சரிதானா என்று கேட்டார். ஒரு மாத்திரையை அவரே குறைத்தார், நானாக நிறுத்தவில்லை. இன்று சந்தையில் என்னிடம் மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தாளைக் காட்டினேன். என் பேச்சைக் கேட்டு ஒருத்தி வாங்கிய சாளையை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

இனி உண்மையைச் சொல்கிறேன். போன வருடம் உன் வீட்டுச் சமையலறையில் மயங்கி விழுந்தேனே, வெயில் என்று சொன்னது பொய். துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் இனிப்புப் பால் டின் ஒளித்து வைத்து, நாளுக்கு ஒன்றாக வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். மாத்திரை பத்தவில்லை என்று நீ டாக்டரிடம் சண்டை போட்டாய். நான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே பிரசவம் பார்க்க வரட்டுமா என்று நான் கேட்டபோது, "நீ வந்தா நான் ஒன்னப் பாப்பனா, பிள்ளையப் பாப்பனா?" என்று நீ சொன்னதில் தப்பில்லை. உன் மாமியாரை அழைத்திருக்கிறாய் என்று தெரிந்த அன்று, ஆத்திரத்தில் அரைக்கிலோ அல்வா தின்றேன். சீனிப் பைத்தியம் அந்த அளவுக்குப் போயிருந்தது.

தவக்காலம் தொடங்கியதும் சீனி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். ஆனால் உன் அம்மா லேசுப்பட்டவளா? தவக்காலத்தின் நாற்பது நாள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சேராதே. பூசை முடிந்த கையோடு பேக்கரிக்குப் போய் ஆறு நாளைக்கு உள்ளதையும் அன்றைக்கே தின்றேன். திங்களும் செவ்வாயும் தலை வெடிக்கும். விலை கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுவேன். பக்கத்தில் இருந்து விற்கும் ஜெயபாய் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "ஏட்டி எலிசா, இது நோன்பு இல்லட்டி. நீ ஞாயித்துக்கிழமைக்காக வயித்தக் காயப்போடுதே."

அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது, பேக்கரி திறந்திருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரை ஏறிட்டுப் பார்க்கக் கூசிப்போனது. ஆசையை ஒருநாள் உள்ளே விட்டால் மற்ற ஆறு நாளும் அது வாசலில் வந்து நிற்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அன்று முதல் ஞாயிறும் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்தது. விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போனால் மதியம்வரை நாலு கரண்டி சீனி போட்ட கட்டன்சாயாதான் எனக்குச் சாப்பாடு. முப்பது வருடமாகப் பசிக்கெல்லாம் சீனியைத்தான் போட்டிருக்கிறேன். இப்போது அவித்த முட்டையும் பயறும் கொண்டுபோகிறேன். ஈஸ்டர் அன்றும் சீனி இல்லாத சாயாதான் குடித்தேன். தேயிலைக்கு ஒரு மணம் உண்டு என்று ஐம்பத்து நாலு வயதில் தெரிந்தது. ஆசை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வரும், கொஞ்சநேரம் இருக்கும், போகும்.

மருமகனுக்குப் பிடிக்கும் என்று முந்திரிக்கொத்து செய்து அனுப்பியிருக்கிறேன். பாகு பதம் பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. இனிப்பு கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன் மாமியார் நல்ல மனுஷி, வரட்டும். நானும் வந்தால் அவருக்குக் கொஞ்சம் உறங்கக் கிடைக்கும் அல்லவா? பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். கூப்பிடு மக்களே. கூப்பிடாவிட்டாலும், மாதா துணையிருந்து நீ சுகமாகப் பெற்றெடுக்க வேண்டும். தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை யாரையும் எழுதித்தரச் சொல்லவில்லை, முழுவதும் என் கையெழுத்து. நன்றாகப் பார், ஓர் எழுத்தும் கோணவில்லை. ஒரு பிள்ளையைத் தூக்க முடியாத கை இப்படி எழுதுமா?

பேரப்பிள்ளையின் அம்மாச்சி,
எலிசா