மூன்று கேஜையும் நானா கீழே போட்டேன்?

என்னங்க,

தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது.

நேற்று மாப்பிள்ளை முன்னால் என்ன சொன்னீர்கள்? "சிலிண்டர் உறிஞ்சுற அளவைக் காட்டுற வேக்குவம் கேஜ் ரெண்டுல ஒண்ணை இவ தூசி தட்டுறேன்னு கீழ போட்டுட்டா. அதான் பைக்கோட ரெண்டு சிலிண்டருக்கும் காத்து விடுற த்ராட்டில் பாடி ரெண்டும் சமமாகாம வண்டி உதறுது." அவரும் சிரித்தார்.

முதலில் கேஜ் வாங்கப் போன அன்றைக்குக் கடைக்காரர் என்ன சொன்னார்? "தனித்தனியா ரெண்டு எடுக்காதீங்க சார். ஒண்ணு காட்டுறதை இன்னொண்ணு காட்டாது. ஜோடியா வர்றதை எடுங்க."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று அவரை அடக்கிவிட்டுத் தனித்தனியாகவே இரண்டு வாங்கினீர்கள்.

காலையில் நீங்கள் நடக்கப் போனதும் வண்டியைக் கிளப்பி, ஒரே சிலிண்டரில் இரண்டு கேஜையும் மாற்றி மாற்றி மாட்டினேன். முள் ஆளுக்கொரு இடத்தில் நின்றது. நேற்று புதிதாக வாங்கி வந்தீர்களே, உறைகூடப் பிரிக்காத கேஜ், அதையும் பிரித்து மாட்டினேன். அது மூன்றாவது இடத்தில் நிற்கிறது. அதையும் நான்தான் கீழே போட்டேனா?

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "அவ மேல தப்பில்லை" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை வரமாட்டேன்.

இன்னொன்று: ஒரே கேஜை இரண்டு சிலிண்டருக்கும் மாற்றி மாட்டிச் சரிசெய்யுங்கள். இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நின்றால் போதும்.

கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு வண்டியை ஓடவிடுங்கள். என் கோபம் வேறு, புகை வேறு.