இது அம்மை இல்லை

சித்திரை 9, திங்கள்

காலையிலேயே அனல். நெல் அறுப்புக்கு மெஷின் சொல்ல வேண்டும். போன வாரக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இரண்டு கன்னமும் சிவந்து கனக்கிறது, தொட்டால் சூடு. உள்ளே கொட்டைப்பாக்கு மாதிரி கட்டி. வலது பக்கம் ஜாஸ்தி.

தை மாதம் ஊசி போட்ட இடம்தான். எத்தனை பெண் வீட்டில் கேட்டாயிற்று, "மாப்ளைக்கு கன்னம் ஒட்டிக் கெடக்குது, வயசு ஜாஸ்தியா தெரியுதுங்க." கள்ளக்குறிச்சி பியூட்டி பார்லரில் ஃபில்லர் என்று ஏதோ மருந்து ஏற்றினார்கள். கன்னம் நிறைந்தது. புது போட்டோ பார்த்து செல்வி வீட்டில் சம்மதம். வைகாசியில் கல்யாணம். ஊசி விஷயம் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பார்லருக்குப் போன். "ஐஸ் வைங்கண்ணா, சரியாப் பூடும்."

செவ்வாய்

அம்மா பார்த்துவிட்டாள். "ஆத்தா வந்துக்கிறாடா!" வாசலில் வேப்பிலை. கூழ், இளநீர். தாளிப்பு கிடையாது. டாக்டர் என்று ஆரம்பித்தேன். "வாய மூடு. ஆத்தா கோச்சிக்குவா."

மூடிக்கொண்டேன். அம்மை என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஒரு நிம்மதிகூட. த்தூ! சாமி பேரில் பொய். அது வேறு பயமாக இருக்கிறது.

புதன்

பார்லர் போன் சுவிட்ச் ஆஃப். வலது கண் பாதிதான் திறக்கிறது. பார்வை போய்விட்டால்?

அம்மா என்னைப் பார்த்தே கும்பிடுகிறாள். "தாயே, எம்புள்ளைய வுட்டு எறங்கிடு." சர்க்கரைக்காரி, எனக்காகப் பட்டினி. தாங்கவில்லை. ஊசி போட்டதை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

திருநீறு பூசிவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தையிடம், "இன்னா இன்னாமோ பெனாத்துறான். ஆத்தா அப்டித்தான் பேச வெப்பா."

வியாழன்

கண் முழுக்க மூடிக்கொண்டது. அம்மா வேப்பிலை பறிக்கப் போன நேரம் பார்த்து டாக்டரிடம் கிளம்பினேன். முகத்தில் துண்டு. பஸ்ஸில் அது நழுவியது. பக்கத்து சீட்டு அம்மாள், "அய்யய்யோ, அம்மை!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கண்டக்டர் விசில் அடித்தார். "அம்மையோட பஸ் ஏறலாமாங்க? புள்ளகுட்டி இருக்குது, எறங்குங்க."

இறங்கினால் கண் போச்சு. கம்பியை விடவில்லை. "அம்மை இல்லங்க! அழகுக்கு ஊசி போட்டுக்கினேன். பொண்ணு கெடைக்கணும்னு போட்டுக்கினேன்." கத்தியே விட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "மாப்ள மேக்கப்புடோய்!" பாதிப் பேர் எங்கள் ஊர். கண்டக்டர் சிரிக்கவில்லை. "உக்காருங்க" என்றார்.

தோல் டாக்டர் அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் வந்ததும் உடம்பு அந்த மருந்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறதாம். "என்ன மருந்து ஏத்தினாங்க? அது தெரிஞ்சாத்தான் கரைக்க முடியுமான்னு சொல்லலாம்." தெரியாது. அன்று கேட்கவே தோன்றவில்லை. மாத்திரை கொடுத்தார். கண்ணு சரியாயிடுமா டாக்டர்? "நாளைக்கு வாங்க, பாப்போம்." பாப்போமாம்.

வெளியே பெஞ்சில் எழுதுகிறேன். போன். செல்வி.

"அம்மைன்னாங்க, அழுதுக்கினு இருந்தேன். இப்ப ஊசின்றாங்க. எதுங்க நெஜம்?"

"ஊசிதான்," என்றேன்.

அவள் போனை இன்னும் வைக்கவில்லை.