நெஞ்சில் பிடித்த சர்க்கரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு ஒரு வரி போடு என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது முக்கால் உண்மைதான். உன் அம்மா சுகம், அண்ணன் சுகம், கடையும் சுகம். என் சுகம் மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது. போனில் சொன்னால் ஆகாதா என்பாய். நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள், உன் அண்ணன் ஸ்பீக்கர்ல போடுங்கப்பா நாங்களும் கேக்கறோம் என்கிறான். அதனால்தான் கடையின் பின்னறையில் சாயப்பொடி டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன், தபாலிலும் நானே போடுவேன்.

முதல் சந்தேகம் உன்மேல்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறவள் இப்போது தினமும் கூப்பிடுகிறாய். சாப்பிட்டீங்களா தூங்கினீங்களா என்று எல்லாம் கேட்கிறாய், இருமலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மாதக்கணக்காக இருமுகிற அப்பனிடம் இருமலைக் கேட்காத மகள் ஒன்று மறந்திருக்கவேண்டும், இல்லை எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். நீ மறக்கிற ஆள் இல்லை. உன் அண்ணன் இன்னும் மோசம். சிவப்புச் சாயம் இந்தத் தடவை குறைவாக வாங்கு என்றேன், சரிப்பா என்றான். மறுநாள் வேண்டுமென்றே இரண்டு மடங்கு வாங்கு என்றேன், அதற்கும் சரிப்பா. என்னோடு ஒத்துப்போகிற பிள்ளையை நான் பெறவே இல்லையே. உன் அம்மா என்னைத் திட்டியே நாளாகிறது. விற்கிறவன் திடீரென்று குழைந்தால் சரக்கில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்கிறவன் நான், என் வீட்டிலேயே மூன்று பேர் குழைந்தால் விட்டுவிடுவேனா.

நடந்தது இதுதான், அவர்கள் உனக்கு எப்படிச் சொன்னார்களோ தெரியாது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது, நம் தெரு டாக்டர் உடம்பு முழுக்கப் படம் பிடிக்கிற பெட் ஸ்கேன் எடுங்க என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே போனதிலிருந்து எனக்கு எதுவுமே சரியாகப் படவில்லை. சர்க்கரை வியாதிக்காரன் நான், என்னைப் பட்டினி போட்டு, விரலைக் குத்தி சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, அப்புறம் சர்க்கரையையே ஊசியில் ஏற்றுகிறார்கள். இது என்னம்மா கூத்து என்றேன். சாதா சர்க்கரை இல்லீங்க, கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்தது, சின்ன அளவுதான், பயப்படாதீங்க என்றாள் நர்ஸ். சொன்னவள் ஊசியைப் போட்ட கையோடு கனத்த கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். பயப்படவேண்டாம் என்கிறவள் ஏன் ஓடுகிறாள் என்று யோசித்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தேன், பேசாதீங்க அசையாதீங்க என்று வேறு உத்தரவு. (தினமும் எத்தனையோ பேருக்கு அவள் போடவேண்டும், அதனால்தான் ஒதுங்குகிறாள் என்று பிறகு சொன்னார்கள். அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.) அப்புறம் ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்கையோடு தள்ளிப் படம் எடுத்தார்கள்.

இப்போதுதான் வேடிக்கை. துணைக்கு வந்தது உன் அவசர மாமா. மெஷின் பார்க்கிறவர் உள்ளே யாரிடமோ நல்லா பிடிச்சிருக்கு என்று சொன்னது மாமா காதில் விழுந்திருக்கிறது. உன் மாமாவுக்கு நல்லா என்ற ஒரு வார்த்தை போதாதா. அக்காவுக்குப் போன் போட்டு எல்லாம் நல்லா இருக்காம் என்று சொல்லி, வரும் வழியில் ஒரு இனிப்புப் பெட்டியும் வாங்கி, என் வாயிலும் ஒன்றைத் திணித்தார். நான் மென்றுகொண்டே யோசித்தேன். வாழ்நாள் முழுக்கச் சாயம் விற்றவனுக்கு நல்லா பிடிச்சிருக்கு என்றால் என்னவென்று தெரியாதா? எந்த இடம் அதிகம் குடிக்கிறதோ அங்கேதான் சாயம் நன்றாகப் பிடிக்கும். என் நெஞ்சில் ஏதோ ஒன்று அந்தச் சர்க்கரையை ஆசையாகக் குடித்திருக்கிறது. மறுநாள் உன் அண்ணன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான், சாயங்காலத்திலிருந்து வீட்டில் குழைவு ஆரம்பம். அந்த இனிப்புப் பெட்டியையும் காணோம்.

இவர்களிடம் கேட்டால் மழுப்புவார்கள் என்று, வசூலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானே போனேன். படம் படிக்கிற டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், உன் வயதுதான் இருக்கும். புற்றுநோயா இல்லையா, சுத்தி வளைக்காம சொல்லும்மா என்றேன். திரையை என் பக்கம் திருப்பினாள். பார்த்தால் படத்தில் என் தலை முழுக்க விளக்கு மாதிரி எரிகிறது. ஐயோ அங்கேயுமா என்றேன். சிரித்துவிட்டாள், மூளை எல்லாருக்கும் சர்க்கரை சாப்பிடும் சார், அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் என்றாள். இந்தப் படத்தை உன் அம்மாவுக்குக் காட்டவேண்டும், நாற்பது வருஷமாக நம்பமாட்டேன் என்கிறாள். அப்புறம் நெஞ்சில் அந்தப் புள்ளியைக் காட்டினாள், பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது. புற்றாக இருந்தாலும் இப்படிப் பிடிக்குமாம், பழைய கிருமி உள்ளே புகைந்தாலும் பிடிக்குமாம், பொடி சுவாசித்து வருகிற வீக்கமாக இருந்தாலும் பிடிக்குமாம். சர்க்கரையைக் குடிக்கிறது எதுன்னு படம் சொல்லாது சார், எங்கேன்னுதான் சொல்லும், ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். வேறு எங்கும் பரவினதாகத் தெரியவில்லையாம், அது நல்ல சேதி. உன் மெஷின் எதையாவது விட்டுவிடுமா என்று கேட்டேன். ரொம்பச் சின்னதாக இருந்தால் விட்டுவிடும் சார் என்றாள் கூசாமல். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன், அந்த ஆஸ்பத்திரியில் நான் நம்புவது அவளை மட்டும்தான்.

அடுத்த மாதம் முதல் வாரம் சதை எடுக்கிற அந்த ஊசி. முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். முடிவைத் தெரிவிக்க உன் அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அவன் கேட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து சிரிப்பான், உன் அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவேண்டும். எனக்கு அது வேண்டாம். ஊசி விடுகிற பெரிய டாக்டரே நேரில் சொல்லட்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், அவர்களுக்கு அது பழகின பேச்சு, எனக்கு ஒட்டாது. அதனால் அந்த நம்பரை அடித்துவிட்டு உன் நம்பரை எழுதச் சொல்லிவிட்டேன். நீ பள்ளிக்கூட லீவில் கல்லாவில் உட்கார்ந்தபோது, கேட்டவர்களிடமெல்லாம் இந்த நீலம் துவைச்சா போயிடும் ஆன்ட்டி என்று சொல்லி என் வியாபாரத்தைக் கெடுத்தாயே, அன்றைக்கு உன்னைக் கல்லாவிலிருந்து இறக்கிவிட்டேன். இப்போது அந்த வாய்தான் எனக்கு வேண்டும். போன் வந்ததும் என்னைக் கூப்பிடு. எதுவாக இருந்தாலும் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடு. அழுகை வந்தால் சொன்ன பிறகு அழு, நான் போனை வைக்கமாட்டேன். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். போன தடவை வந்தபோது தினமும் சாயங்காலம் குப்பை கொட்ட அவரே போனார், குப்பைமேல் அவருக்கு என்ன அவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிகரெட்டை விடச் சொல், சொன்னது நான் என்றே சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ராத்திரி படுக்கும்போது போனை சைலண்டில் போடாதே.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அப்பா